ஒரே சுற்று, ஒரே மீட்டர், இரண்டு ரீடிங்: எதை நம்ப?

அண்ணன்மாருக்கும் டீச்சர்மாருக்கும் வணக்கம். தக்கலையிலிருந்து எழுதுகிறேன். பத்தாம் வகுப்பு படிக்கும் மகளுக்காக ஒரு சந்தேகம்.

1.5 வோல்ட் பேட்டரி ஒன்று, 10 ஓம் மின்தடை ஒன்று, தொடரிணைப்பில் மல்டிமீட்டர். ஓம் விதிப்படி 150 மில்லி ஆம்பியர் வர வேண்டும். 200 மில்லி ஆம்பியர் ரேஞ்சில் 126தான் காட்டுகிறது. சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றினால் 0.14 ஆம்பியர், அதாவது 140 மில்லி ஆம்பியர். மின்தடையில் தங்கப் பட்டை இருக்கிறது. 5 சதவீதம் கூடக் குறைய இருந்தாலும் 142க்குக் கீழே போகக்கூடாதே! பேட்டரியும் புதுசு, சுற்று ஓடும்போதே 1.46 வோல்ட் நிற்கிறது.

சிறிய ரேஞ்சில் மீட்டருக்குள் இருக்கும் மின்தடையும் ஃபியூஸும் சேர்ந்து ஒன்றிரண்டு ஓம் கூட்டிவிடுகின்றன என்று நினைக்கிறேன். 10 ஓம் சுற்றில் அது பெரிய விஷயம்தானே? 100 ஓம் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் அடங்கிவிடுமா? அல்லது மின்தடைக்குக் குறுக்கே வோல்ட் அளந்து, 10 ஆல் வகுத்து எழுதினால் ரெக்கார்டில் ஒத்துக்கொள்வார்களா? பிள்ளை 126ஐத்தான் எழுதுவேன் என்கிறாள், கண்ணால் பார்த்ததாம்.

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் யாரிடமாவது 500 மில்லி ஆம்பியர் முள் அம்மீட்டர் இருந்தால் ஒருநாள் தாருங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.