நைனாவின் டிபார்ட்மெண்ட் ஆள்

நடிகர் டெல்லி கணேஷை நேரில் பார்த்துப் பேசியவர்கள் எழுதுங்கள், ஆசையாகப் படிக்கிறேன். எனக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் அவர் முப்பது வருஷம் சொந்தக்காரர் மாதிரி இருந்தார். அதைச் சொல்கிறேன்.

வேலூருக்குத் தெற்கே கணியம்பாடி பக்கம் எங்கள் ஊர். பக்கத்துக் கம்மவான்பேட்டையை 'மிலிட்டரிப் பேட்டை' என்றே சொல்வார்கள். அவ்வளவு பேர் பட்டாளத்தில். எங்கள் நைனா விமானப்படையில் இருந்தவர். டிவியில் டெல்லி கணேஷ் தலை தெரிந்தால் போதும், "நம்ம டிபார்ட்மெண்ட் ஆளுடா" என்பார். உண்மைதான். 1964 முதல் 1974 வரை அவரும் விமானப்படைதான். டெல்லியில் தட்சிண பாரத நாடக சபாவில் நடித்து, 1977-ல் வெளிவந்த பாலசந்தரின் 'பட்டினப் பிரவேசம்' மூலம் சினிமாவுக்கு வந்தார். அப்புறம் நானூறுக்கு மேல் படங்கள், சீரியல்கள்.

'சிந்து பைரவி' ஓடினால் நைனா சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிடுவார். குடித்துவிட்டுக் கச்சேரிக்கு வந்த மிருதங்கக்காரர் டெல்லி கணேஷை, பாடகர் ஜே.கே.பி.யாக வரும் சிவகுமார் மேடையிலிருந்து எழுந்து போகச் சொல்லும் காட்சி. "கேம்ப்ல மப்போட டியூட்டிக்கு வந்து மாட்டிக்கினவன் மூஞ்சி இப்படித்தான்டா இருக்கும்" என்பார். படத்துக்குப் படம் அந்த மூஞ்சியை நான் கவனிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

எனக்குப் பிடித்தது 'பசி' (1979). ஷோபாவின் அப்பாவாக, ரிக்‌ஷாக்காரராக வருவார். மாநில அரசின் சிறப்புப் பரிசு வாங்கித் தந்த படம். அதில் அவர் பேசும் மெட்ராஸ் தமிழ் எங்கள் வட ஆற்காட்டுப் பேச்சுக்குக் கூப்பிடு தூரம். பிறந்ததோ நெல்லைச் சீமையில், வல்லநாட்டில். அதே மனிதர் 'மைக்கேல் மதன காமராஜன்' படத்தில் பாலக்காட்டு மணி ஐயர். கரண்டி பிடித்தே காலம் கழித்த சமையல்காரரின் நடை, பேச்சு, பதற்றம் எல்லாம் வந்துவிடும். பக்கத்தில் கமல் இருந்தாலும் என் கண் இவர்மேல்தான் போகும். ஆனால் காட்சியைத் தன் பக்கம் அவர் இழுக்கவே மாட்டார். எதிராளி பேச இடம் விட்டு நிற்பார். நாடக மேடையில் ஊறியவர்களிடம்தான் இந்தப் பொறுமையைப் பார்த்திருக்கிறேன்.

2024 நவம்பர் 9 இரவு அவர் போய்விட்டார். மறுநாள் காலையிலிருந்து நைனா டிவியை விட்டு நகரவில்லை. விமானப்படையினர் வந்து மரியாதை செய்தார்கள் என்ற செய்தி ஓடியதும், "சவுண்டு வை" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, பரண்மேல் இருந்த கறுப்பு டிரங்குப் பெட்டியை இறக்கச் சொன்னார். திறந்ததும் ரசகற்பூர வாசனை. அடியில் கிடந்த தொப்பியை எடுத்து, வேட்டி முனையால் துடைத்து, டிவி பக்கத்தில் வைத்தார். ராத்திரி படுக்கப் போகும்வரை அது அங்கேயே இருந்தது.