மூலைக்கல்லில் 5895: கவுண்டி நீதிமன்றமும் ஃபிரீமேசன் சடங்கும்

கேள்வி – கல்தேடி

நான் வசிக்கும் டெக்சாஸ் கவுண்டியின் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) நீதிமன்றக் கட்டடம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுப்பப்பட்டது. அதன் வடகிழக்கு மூலையில் பதிக்கப்பட்டுள்ள கல்லில் கவுண்டி நீதிபதி, கமிஷனர்கள், கட்டடக் கலைஞர், ஒப்பந்தக்காரர் ஆகியோரின் பெயர்களுக்கு மேலே, மூலைமட்டமும் கவராயமும் சேர்ந்த, ஃபிரீமேசன் என்னும் சகோதரச் சங்கத்தின் சின்னம் செதுக்கப்பட்டிருக்கிறது. 1895 என்ற ஆண்டின் அருகிலேயே ஏ.எல். 5895 என்றும் காணப்படுகிறது. மக்களின் வரிப்பணத்தில் கட்டப்பட்ட நீதிமன்றத்துக்கு ஒரு தனியார் சங்கம் அடிக்கல் நாட்டியது எவ்வாறு? அந்தச் சடங்கில் என்ன நடந்திருக்கும்? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் – பழங்கட்டட அன்பன்

5895 என்பது செதுக்கியவரின் பிழையன்று. உலகம் கிறிஸ்துவுக்கு முன் 4000ஆம் ஆண்டில் படைக்கப்பட்டதாகக் கொண்டு எண்ணுவது ஃபிரீமேசன்களின் மரபாதலால், வழக்கமான ஆண்டுடன் 4000ஐக் கூட்டி, அதனை ஒளியின் ஆண்டு (லத்தீனில் அன்னோ லூசிஸ், சுருக்கமாக ஏ.எல்.) என்று குறிப்பார்கள்.

ஃபிரீமேசன்களின் உள்ளூர்க் கிளை லாட்ஜ் எனப்படும்; சடங்கை நடத்துபவர் அவற்றுக்கு மேலான மாநில கிராண்ட் லாட்ஜின் தலைவரான கிராண்ட் மாஸ்டர், அல்லது அவரால் அனுப்பப்பட்ட பிரதிநிதி. கல் தன் இடத்தில் இறக்கப்பட்டதும், அவர் தம் அலுவலர்கள் மூவரிடம் மூலைமட்டம், மட்டம், தூக்குக்குண்டு ஆகியவற்றைக் கொடுத்துச் சோதிக்கச் சொல்வார்; மூவரும் கல் செம்மையாக அமைந்துள்ளது என்று அறிவித்த பின்னர், வளத்துக்கு அடையாளமாகத் தானியத்தையும், புத்துணர்வுக்கு அடையாளமாகத் திராட்சை மதுவையும், மகிழ்ச்சிக்கு அடையாளமாக எண்ணெயையும் அதன்மேல் சொரிவார்கள். கிராண்ட் மாஸ்டர் சுத்தியால் மூன்று முறை தட்டுவார். இறுதியாகக் கருவிகள் கட்டடக் கலைஞரிடம் ஒப்படைக்கப்படும். என் பார்வையில் இந்தக் கடைசிச் செயலே முக்கியமானது: வேலை நேர்மையாக நடக்க வேண்டும் என்ற பொறுப்பு ஊரார் அனைவரின் முன்னிலையில் ஒருவர் கையில் ஏற்றப்படுகிறது.

இதற்கு முன்மாதிரி மிக உயரத்திலிருந்து வந்தது. 1793 செப்டம்பர் 18 அன்று வாஷிங்டனில் நாடாளுமன்றமான கேபிட்டல் கட்டடத்துக்கு மூலைக்கல் வைத்தவர், தாமும் ஃபிரீமேசனாக இருந்த குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டனே. (அன்றைய விருந்துக்கு 500 பவுண்டு எடையுள்ள காளை வாட்டப்பட்டதாம். அந்தக் கல் எங்கே இருக்கிறது என்பது மட்டும் இன்றுவரை புலப்படவில்லை.) டெக்சாஸ் தலைமைச் செயலகமான ஆஸ்டின் கேபிட்டலின் மூலைக்கல்லும் 1885 மார்ச் 2 அன்று இதே முறையில் வைக்கப்பட்டது. நீதிமன்றம் கட்டக் கவுண்டிகள் கடன் பத்திரம் வெளியிடலாம் என்று 1881இல் மாநிலச் சட்டமன்றம் அனுமதித்ததிலிருந்து கவுண்டிகள் ஒன்றையொன்று விஞ்சும் வகையில் கட்டத் தொடங்கின. வாக்சஹாச்சியில் ஜேம்ஸ் ரைலி கார்டன் வடிவமைத்த எல்லிஸ் கவுண்டி நீதிமன்றம் அந்த வேகத்தின் சிறந்த சான்று. உள்ளூர் வழக்கறிஞர்களும் வணிகர்களும் அதிகாரிகளும் பெரும்பாலும் லாட்ஜ் உறுப்பினர்களாகவே இருந்த காலத்தில், ஊர்வலமும் சடங்கும் நடத்தித் தர அவர்களை அழைத்தது யாருக்கும் விந்தையாகத் தோன்றியிராது.

பதில் – மறுபக்கம்

மேலேயுள்ள விளக்கம் சரியானதே எனினும், நீதிமன்றமும் ஃபிரீமேசன்களும் சேர்ந்து நிற்பதை அமெரிக்கர்கள் எக்காலத்திலும் இயல்பாக ஏற்றுக்கொண்டார்கள் என்ற எண்ணத்தை அது தந்துவிடக் கூடாது. 1826 செப்டம்பரில், சங்கத்தின் இரகசியங்களை அச்சிடப் போவதாக அறிவித்த வில்லியம் மார்கன் என்பவர் நியூயார்க் மாநிலத்தின் கனன்டைகுவா சிறையில் மிகச் சிறிய கடனுக்காக அடைக்கப்பட்டார். யாரோ கடனைச் செலுத்தி அவரை வெளியே கொண்டுவந்து வண்டியில் ஏற்றிச் சென்றார்கள். அதன்பின் அவர் திரும்பவேயில்லை. இந்தக் கடத்தலுக்காகச் சிறைத் தண்டனை பெற்றவர்களுள் ஒருவர் நயாகரா கவுண்டியின் ஷெரிஃபான (காவல் தலைவர்) ஈலை புரூஸ்; அவரும் ஃபிரீமேசனே. ஷெரிஃபும் நடுவர் குழுவினரும் ஒரே சங்கத்தைச் சேர்ந்தவர்களாக இருந்தால் நீதி எங்கே கிடைக்கும் என்ற சினத்திலிருந்தே ஃபிரீமேசன் எதிர்ப்புக் கட்சி பிறந்தது. 1832 குடியரசுத் தலைவர் தேர்தலில் அதன் வேட்பாளர் வில்லியம் வர்ட் வெர்மான்ட் மாநிலத்தை வென்றார். உங்கள் கவுண்டியின் கல் அந்தப் புயல் ஓய்ந்து, சங்கம் மீண்டும் மதிப்புப் பெற்ற காலத்தைச் சேர்ந்தது. இதில் சதி எதுவும் இல்லை. ஆனால் கேள்வி கேட்டவர்கள் அன்றே இருந்தார்கள்.

கல்தேடி

இருவருக்கும் நன்றி. இன்னும் இரண்டு ஐயங்கள் உண்டு. கல்லிலுள்ள ஆண்டையே கட்டடப் பணி தொடங்கிய ஆண்டாகக் கொள்ளலாமா? கல்லுக்குள் பெட்டி வைக்கும் வழக்கம் இங்கும் இருந்திருக்குமா?

பதில் – ஆவணக்காப்பாளன்

முதல் ஐயத்துக்கு: கொள்ள வேண்டாம். அது சடங்கு நடந்த ஆண்டு. அஸ்திவாரம் முடிந்து சுவர் சற்றே எழுந்த பின்னர், கூட்டம் சேரக்கூடிய ஒரு விழா நாளைத் தேர்ந்து கல் வைத்ததுண்டு. ஒப்பந்தத் தேதியைக் கவுண்டியின் நிர்வாகக் குழுவான கமிஷனர்ஸ் கோர்ட்டின் கூட்டக் குறிப்பேட்டில்தான் தேட வேண்டும்.

பெட்டி இருக்க வாய்ப்பு மிகுதி. நாளிதழ்கள், நாணயங்கள், லாட்ஜ் உறுப்பினர் பட்டியல் ஆகியவற்றை உலோகப் பெட்டியில் அடைத்துக் கல்லின் குழியில் வைப்பது பரவலான வழக்கம். 1795இல் மாசசூசெட்ஸ் ஆளுநர் சாமுவேல் ஆடம்ஸும் அம்மாநில கிராண்ட் மாஸ்டர் பால் ரெவரும் பாஸ்டன் மாநில மாளிகையில் வைத்த பொருள்கள் 1855இல் பழுதுபார்ப்பின்போது வெளிப்பட்டு, புதிய பெட்டியில் மீண்டும் வைக்கப்பட்டன; நீர்க்கசிவை ஆராய்ந்தபோது 2014 டிசம்பரில் மறுபடியும் வெளியே எடுக்கப்பட்டன. இரண்டு முறையும் கட்டடத்துக்கு வேலை வந்ததால் திறந்தார்களேயன்றி, ஆவலினால் அன்று என்பதைக் கவனியுங்கள்.

உள்ளே இருப்பவற்றை அறியக் கல்லைத் தொடவும் தேவையில்லை. பெட்டியில் வைத்த பொருள்களின் பட்டியலை அக்கால உள்ளூர் நாளிதழ்கள் வெளியிட்டதுண்டு; வட டெக்சாஸ் பல்கலைக்கழகம் நடத்தும் டெக்சாஸ் வரலாற்று இணையவாயிலில் பழைய இதழ்கள் பல இலவசமாகக் கிடைக்கின்றன. தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் கட்டடம் சேர்க்கப்பட்டிருந்தால், அதற்கான விண்ணப்பத்தில் கட்டட வரலாறு விரிவாக இருக்கும். கவுண்டியின் குறிப்பேடு தீயில் அழிந்திருந்தாலும் மனம் தளர வேண்டாம்: மாநில கிராண்ட் லாட்ஜ் தன் ஆண்டு நடவடிக்கைகளை அச்சிட்டு வந்துள்ளது, கிராண்ட் மாஸ்டரின் அறிக்கையில் அவ்வாண்டு எந்த ஊரில் கல் வைக்கப்பட்டது, யார் பிரதிநிதியாகச் சென்றார் என்பவற்றைத் தேடிப் பாருங்கள். கல்லில் லாட்ஜ் எண் இருந்தால் இங்கே பதியுங்கள். தேடலை அங்கிருந்து தொடங்கலாம்.