கட்டெறும்பா, குதிக்கிற எறும்பா? முதல் காலனிக்கு எதை எடுக்கலாம்

மாடிவீட்டு மதுரை:
வணக்கம் மக்களே. ரொம்ப நாளா வீட்டுல ஒரு எறும்பு காலனி வச்சு வளக்கணும்னு ஆசை, பொண்ணு ரெண்டாங்கிளாஸ் படிக்குது, அவளும் தினம் நச்சரிக்கிறா. போன செவ்வாக்கிழமை நல்ல மழை, விட்டதும் மாடி ட்யூப்லைட்டச் சுத்தி றெக்கை மொளைச்சதெல்லாம் மொய்ச்சிருச்சு, அதுல மூணு பிடிச்சு ஊறுகாய் பாட்டில்ல போட்டு வச்சிருக்கேன். இப்ப குழப்பம் என்னன்னா இதையே வளக்கலாமா, இல்ல நல்ல இனமா பாத்து வாங்கலாமா? யூடியூப்ல குதிச்சு குதிச்சு வேட்டையாடுற எறும்பு ஒன்னு பாத்தேன், மனசு அதுலயே நிக்குது. ஆன்லைன்ல ஒருத்தர் அதோட ராணி தர்றேன்கிறார், எந்த ஊர்ல பிடிச்சதுன்னு கேட்டா பதில் இல்ல. வாடகை வீடு, ரெண்டாவது மாடி, கிச்சன்ல ஒத்த எறும்பு தெரிஞ்சாலே எங்கம்மா சாக்பீஸ எடுத்துருவாங்க. எதை எடுக்கலாம்?

பஞ்சும் டியூபும்:
ஏங்க, மொதல்ல அந்த பாட்டில்ல இருக்கறது எறும்புதானான்னு பாருங்க. மழைக்கு லைட்டத் தேடி வர்றதுல பாதி ஈசல். அது கரையான் சாதி. ஈசலுக்கு இடுப்புன்னு ஒன்னே இருக்காது, ஒரே தடிமனா போகும். எறும்புக்கு நடுவுல நூல் போட்டு இறுக்கிக் கட்டுன மாதிரி இருக்கும். றெக்கை நாலும் ஒரே நீளம்னா ஈசல், முன்றெக்கை பெருசு பின்றெக்கை சிறுசுன்னா எறும்பு. மீசையையும் பாருங்க, முழங்கை மாதிரி மடிஞ்சிருந்தா எறும்பு, மணி கோத்தாப்ல நேரா இருந்தா ஈசல்.

எதை எடுக்கறதுன்னா, கண்ண மூடிட்டு கட்டெறும்பு. அறிவியல் பேரு காம்போனோட்டஸ் கம்ப்ரஸஸ். நம்மூர் வேப்பமரத்தடியில எங்க தோண்டுனாலும் இருக்கறது, நம்மூர் வெயிலுக்கே பழகுனது. ராணி ஒன்றரை செமீக்கு மேல இருக்கும், கொழந்தைக்கும் கண்ணாடி இல்லாம தெரியும். கொடுக்கே கிடையாது, பெரிய தலைக்காரி (கூட்டு வேலை பாக்குற வேலைக்காரி எறும்புல பெருசு) கடிச்சா சுருக்குனு இருக்கும், அந்த எடத்துல கொஞ்சம் ஆசிட் பீச்சும், அவ்ளோதான். அதைவிட முக்கியம், ராணிக்கு நீங்க சோறே போட வேண்டியதில்லைங்க. பறந்து முடிஞ்சதும் றெக்கைய உதுத்துட்டு அந்த றெக்கைத் தசையையும் ஒடம்புல இருக்கற கொழுப்பையும் கரைச்சே மொதல் புழுக்களுக்கு ஊட்டிரும். டெஸ்ட் டியூப்ல மூணுல ஒரு பங்கு தண்ணி, அதை அடைக்க பஞ்சு, அப்புறம் ராணி, வாய்க்கு ஒரு பஞ்சு. பீரோவுக்குள்ள இருட்டுல வச்சிட்டு மறந்துருங்க.

ராணிவேட்டை:
மறந்துருங்கன்னு சொல்றதுக்கு எதுக்கு ப்ரோ வளக்கணும்? 😂 நானும் கட்டெறும்பு வச்சிருந்தேன், முதல் வேலைக்காரி வரவே ஒன்றரை மாசம் ஆச்சு, ஒரு வருஷம் கழிச்சு எண்ணுனா முப்பது உருப்படி, அதுவும் பகல் பூரா மூலையில கட்டிக்கிட்டு தூங்கும், ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு நடக்கும். ரெண்டாங்கிளாஸ் பொண்ணு அதுவரைக்கும் வெறும் டியூபயா பாத்துட்டு இருப்பா? சுள்ளெறும்பு எடுங்க. மூணு நாலு வாரத்துல முதல் பேட்ச் வெளிய வந்துரும், ஆறு மாசத்துல எண்ணவே முடியாது. புழுவும் தின்னும் தானியமும் தின்னும், கம்பு போட்டா பெரிய தலை வச்சிருக்கறது உக்காந்து நெரிச்சு உடைக்கிறதை பாத்துட்டே இருக்கலாம். மெதுவா வளர்ற எறும்புதான் பிகினருக்குன்னு எவன் சொன்னான்னே தெரியல, ஆளாளுக்கு காப்பி அடிக்கிறாங்க.

பஞ்சும் டியூபும்:
தம்பி, ஏழு வயசுப் புள்ள இருக்கற வீடுங்க அது. சுள்ளெறும்பு கடிச்சு பிடிச்சிட்டு அப்புறம் கொட்டும், கொப்புளம் வரும், அலர்ஜி இருக்கற ஒடம்புன்னா மூச்சு அடைக்கற வரைக்கும் போகும். சைஸும் பொடி, மூடி லேசா லூஸா இருந்தா போதும், வெளிய வந்துரும். இன்னொன்னு, அது நம்ம எறும்பே இல்ல. அமெரிக்கா பக்கத்து வெப்ப நாடுகள்ல இருந்து கப்பல் ஏறி வந்து இங்க குடியேறுனது, அதைப் போயி வீட்டுல சோறு போட்டு வளக்கறதா.

ராணிவேட்டை:
மிளகாய் கூடத்தான் அமெரிக்காவுல இருந்து வந்துச்சு, சாம்பார்ல போடாம இருக்கீங்களா.

பஞ்சும் டியூபும்:
மிளகாய் ராத்திரி எந்திரிச்சு வந்து காதுக்குள்ள கொட்டாதுங்க.

மாடிவீட்டு மதுரை:
அண்ணே நீங்க சொன்ன மாதிரி பாத்தேன். ரெண்டு ஈசல்தான், அசிங்கமா போச்சு, அதுக்கு சர்க்கரைத் தண்ணி வேற வச்சிருந்தேன். மூணாவதுக்கு இடுப்பு இருக்கு, மீசை மடிஞ்சிருக்கு, கறுப்பு, முதுகு நல்லா திரண்டு தடிமாடு மாதிரி இருக்கு. ஒரு றெக்கை பாட்டில் அடியில உதிந்து கிடக்கு. ஆனா அந்த குதிக்கிற எறும்பு பத்தி யாரும் ஒன்னும் சொல்லலையே?

பஞ்சும் டியூபும்:
தலை சின்னதா ஒடம்பு ஒல்லியா இருந்தா ஆண், ரெண்டு நாள்ல செத்துரும். முதுகு திரண்டு தலையும் பெருசுன்னா ராணி. உங்களுக்கு அதிர்ஷ்டம்ங்க. இன்னைக்கே டியூப்ல மாத்துங்க.

ராணிவேட்டை:
குதிக்கிற எறும்பு = ஹார்பெக்னாதஸ் சால்டேட்டர். இந்த பூமில இருக்கறதுலயே சூப்பர் எறும்பு, அதுவும் நம்ம தென்னிந்தியாவுல இருக்கு, வெளிநாட்டுக்காரன் ஏங்கிட்டு கெடக்கான். கண்ணு இவ்ளோ பெருசு, இடுக்கி மாதிரி நீள தாடை, இரையப் பாத்து குறி வச்சு குதிக்கும். ராணி செத்துட்டா கட்டெறும்பு காலனி கதை முடிஞ்சுது, மிச்ச வேலைக்காரிங்க ஒன்னொன்னா செத்து டப்பா காலி. இதுல அப்படி இல்ல. ராணி போனதும் வேலைக்காரிங்க மீசையால மாறி மாறி அடிச்சு சண்டை போடும், ஜெயிச்ச சிலது தானே முட்டை போட ஆரம்பிச்சிரும். அப்படி மாறுறதோட மூளை கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு சுருங்குது, ஆயுசு ஏழு மாசத்துல இருந்து நாலு வருஷம் வரைக்கும் நீளுது. அதைப் பிரிச்சு வச்சு திரும்ப வேலைக்காரியா ஆக்குனா மூளையும் திரும்ப வளந்துருச்சுன்னு 2021ல ஆய்வு வந்துச்சு. இதை விட்டுட்டு பீரோவுல டியூப மறந்துட்டு உக்காரணுமா?

நாஞ்சில் முயிறு:
குறுக்க வரேன். ராணிவேட்டை தம்பி சொன்ன சங்கதி எல்லாம் சரிதான், ஆனா சொல்லாம விட்டதுதான் முக்கியம். அந்த எறும்புக்கு உசிரோட இரை வேணும். சிள்வண்டு, கரப்பான் குஞ்சு, சிலந்தி. ராணி தனியா இருக்கையிலயும் அது வெளிய வந்து வேட்டையாடித்தான் முதல் குஞ்சுகளை வளக்கணும், கட்டெறும்பு மாதிரி பட்டினி கிடந்து வளக்காது. அப்போ மதுரைக்காரர் எறும்போட சேத்து சிள்வண்டும் வளக்கணும், அது ராத்திரி பூரா கத்தும், அவங்கம்மா சாக்பீஸ விட்டுட்டு விளக்குமாற எடுப்பாங்க. அதுக்கு கொடுக்கும் உண்டு. காலனியும் சின்னது, அதைத் தோண்டி எடுக்கணும்னா மண்ணுக்குள்ள நல்லா கட்டியிருக்குற அறையை உடைச்சுதான் எடுக்கணும். உங்களுக்கு விக்கிறவர் எங்க பிடிச்சதுன்னு சொல்ல மாட்டேங்கறதுக்கு காரணம் இதுவாத்தான் இருக்கும்.

ராணிவேட்டை:
அக்கா ஒரு ராணி எடுத்தா காடு அழிஞ்சிருமா? ஓவரா பேசாதீங்க.

நாஞ்சில் முயிறு:
ஒன்னு எடுத்தா அழியாது தம்பி. விக்கிறவன் ஒன்னோட நிக்க மாட்டான். 2025 ஏப்ரல்ல கென்யாவுல இருபது வயசு கூட ஆகாத ரெண்டு பெல்ஜியம் பசங்க மாட்டுனாங்களே, கையில 5,000 ராணி, பஞ்சு வச்ச 2,244 டியூப். இந்த பொழுதுபோக்குக்காக வெளிநாட்டுல விக்கிறதுக்குன்னு கேஸ். மே மாசம் ஆளுக்கு 10 லட்சம் கென்ய ஷில்லிங் அபராதம், கட்டலேன்னா ஒரு வருஷம் ஜெயில்னு தீர்ப்பு. யானைத்தந்தம் கடத்துற ஊர்ல எறும்புக்கு கோர்ட். அதுல இருந்தது மெஸ்ஸர் செஃபலோட்டஸ், பெரிய விதை சேக்குற எறும்பு, அதுவும் இதே மாதிரி “சூப்பர் எறும்பு”னு பேர் வாங்குனதுதான்.

பனிக்கூடு:
எல்லாரும் சண்டை போடுறீங்க, பேசாம ஐரோப்பாவுல எல்லாரும் ஆரம்பிக்கிற லேசியஸ் நைகர் வாங்கிரலாமே. ராணி ஒன்னு வளப்புல 28 வருஷத்துக்கு மேல இருந்திருக்கு. கொட்டாது. பொண்ணு கல்யாணத்துக்கே சீரா குடுத்து அனுப்பலாம்.

பஞ்சும் டியூபும்:
அது குளிர்நாட்டு எறும்புங்க. வருஷா வருஷம் சில மாசம் குளிர்ல ஒறங்கணும். மதுரையில மார்கழின்னா ஃபேன் ஸ்பீட ஒன்னு கொறைப்பாங்க, அதான் குளிர்காலம். ஃப்ரிட்ஜ்ல காய்கறிக்கு பக்கத்துல ராணிய வைக்கணும், அதுக்கு அவங்கம்மா சம்மதிச்சா எனக்கும் சொல்லுங்க. வேத்து நாட்டு எறும்பு தப்பிச்சா என்ன ஆகும்னு தனியா வேற சொல்லணுமா. நத்தம் பக்கத்துல கரந்தமலை அடிவாரத்துல 2022ல மஞ்சக் கிறுக்கு எறும்பு பெருகி என்ன பாடு பட்டாங்க, ஆடு மாடு கண்ணுல ஆசிட் பட்டு, காட்டோரம் குடியிருந்தவங்க வீட்ட விட்டே கெளம்புனாங்க. உங்க மதுரையில இருந்து எட்டிப் பாத்தா தெரியற தூரம். அதே எறும்பு கிறிஸ்துமஸ் தீவுல கோடிக்கணக்குல செந்நண்டக் கொன்னுருக்கு.

மாடிவீட்டு மதுரை:
சரி சரி வெளிநாடு வேணாம். எங்க தெருவுல மாமரத்துல இலைய ஒட்டி கூடு கட்டுற செவப்பு முசுறு இருக்கே, அதை ஒரு கூடு அப்படியே ஒடிச்சு பெரிய டப்பாவுல வச்சா?

நாஞ்சில் முயிறு:
ஐயோ வேண்டாம். எங்க ஊர்ல முயிறும்போம், முசிறும்பீங்க, எல்லாம் ஒன்னுதான், நான் அது கடிச்சே வளந்தவ. நீங்க ஒடிக்கிற கூட்டுல ராணி இருக்கவே இருக்காது. ஒரு காலனின்னா பல மரத்துல நூறு கூடு வரைக்கும் பரவிக் கெடக்கும், லட்சக்கணக்குல எறும்பு, ராணி எங்கயோ உச்சாணிக் கொம்புல இருக்கும். டப்பாவுல அது என்ன கட்டும்? புழுவ வாயில கவ்வி பசை டியூப் மாதிரி இலைக்கு இலை நூல் இழுக்கறத மரத்தடியில நின்னு பாருங்க, பொண்ணையும் கூட்டிட்டு போங்க, காசு செலவில்ல.

உண்மையச் சொன்னா எனக்கு டப்பாவுல வைக்கறதே அவ்வளவு பிடிக்காது. எங்க வீட்டுப் பின்னாடி டயகாம்மாங்கற எறும்போட கூடு ஒன்னு இருக்கு, சாம்பக் கறுப்பு, உத்துப் பாத்தா ஒடம்புல கைரேகை மாதிரி வரி. அதுல ராணின்னு ஒரு சாதியே கிடையாது, வேலைக்காரியில ஒருத்திதான் முட்டை போடுவா, புதுசா பொறக்குறதுக்கு மார்புல சின்ன மொட்டு மாதிரி ரெண்டு இருக்கும், அதைக் கடிச்சு எடுத்துட்டா அவளுக்கு ஜோடி சேர வழியில்ல. வாசலச் சுத்தி கோழி இறகு, காஞ்ச இலைன்னு எதையாவது இழுத்துட்டு வந்து வச்சிருக்கும், விடியக்காலை அதுல பனி கோத்து நிக்கும், ஒன்னொன்னா வந்து அந்தத் துளிய கவ்விட்டு உள்ள போவும். காபி டம்ளரோட குத்த வச்சு பாத்திருக்கேன். இதை எந்த டப்பாவுல பாப்பீங்க?

ராணிவேட்டை:
அக்கா உங்களுக்கு பின்னாடி கொல்லை இருக்கு. எங்களுக்கு பின்னாடி பக்கத்து வீட்டு ஏசி அவுட்டோர் யூனிட்தான் இருக்கு. டப்பாவுல வைக்காம எங்க போய் பாக்க?

நாஞ்சில் முயிறு:
அது நியாயம்தான்.

மாடிவீட்டு மதுரை:
முடிவு பண்ணிட்டேன், கிடைச்ச கறுப்பு ராணியவே வச்சுக்கறேன். டியூப்ல மாத்தியாச்சு, ஆனா தினம் எடுத்து பாக்காம இருக்க முடியல. நேத்து ஆறு முட்டை இருந்துச்சு, இன்னைக்கு ரெண்டுதான் இருக்கு?

பஞ்சும் டியூபும்:
தின்னுருச்சுங்க. தினம் எடுத்து ஆட்டுனா பயத்துல முட்டையவே தின்னும். செவப்பு கண்ணாடித்தாள் சுத்தி வைங்க, வாரத்துக்கு ஒரு தடவை, பத்து செகண்ட். கைய வச்சுக்கிட்டு சும்மா இருக்கறதுதான் இதுல கஷ்டம். பின்னாடி டப்பாவுக்கு மாத்தும்போது வெளிம்புல முகப்பவுடரையும் சானிடைசரையும் கொழைச்சு ஒரு விரக்கடை பட்டையா தடவுங்க, காஞ்சதும் ஏற முடியாம வழுக்கும். ஈரக்காத்துல அது நமத்துப் போகும், மழைக்காலத்துல அப்பப்ப மறுக்கா தடவணும். கூட்டுக்கு வீடு கட்டற எடத்துல உடைஞ்சு கெடக்கற ஏஏசி பிளாக் (லேசான வெள்ளை சிமெண்ட் கல்லு) ஒரு துண்டு போதும், ஸ்க்ரூ டிரைவர்லயே குடைஞ்சிரலாம், தண்ணியும் நல்லா இழுக்கும்.

மாடிவீட்டு மதுரை:
ஏழு வாரம் கழிச்சு வரேன். இன்னைக்கு காலைல மூணு வேலைக்காரி வந்திருக்கு!! பொண்ணு ஸ்கூலுக்கே போக மாட்டேன்னு அழுகை. ஆனா ஒரு சந்தேகம், இது கட்டெறும்புதானா? பிள்ளையார் எறும்ப விட கொஞ்சம்தான் பெருசா இருக்கு, நிறமும் வெளுப்பா இருக்கு, ராணி பக்கத்துல நின்னா யானைக்கு பக்கத்துல ஆட்டுக்குட்டி மாதிரி.

பஞ்சும் டியூபும்:
கழுதை தேஞ்சு கட்டெறும்பாச்சும்பாங்க, இங்க கட்டெறும்பே தேஞ்சு வந்திருக்கு அவ்ளோதான். ராணி பட்டினியில வளத்த மொதல் ஈடு அப்படித்தான் இருக்கும், நிறம் ரெண்டு மூணு நாள்ல ஏறிரும். தீக்குச்சி நுனியில ஒரு சொட்டு தேன் தண்ணி, கொசு ஒன்னு அடிச்சு பாதியா கிள்ளிப் போடுங்க. கொசுவத்தி பொகை, ஸ்ப்ரே பட்ட கொசு வேண்டாம். பெரிய தலைக்காரி வர்றதுக்கு நாள் இருக்குங்க.

ராணிவேட்டை:
வாழ்த்துக்கள் ப்ரோ, மூணு வந்திருக்கு. என் சுள்ளெறும்பு இதே ஏழு வாரத்துல 80 தாண்டிருச்சு, சும்மா சொன்னேன்.

நாஞ்சில் முயிறு:
80 எங்க எண்ணுன தம்பி, டப்பாவுலயா? போன வாரம் “பவுடர் பட்டை நமத்துப் போச்சு, தங்கச்சி அரிசி டப்பா பூரா எறும்பு, என்ன பண்றது”னு ஒரு ஆள் அவசரமா கேட்டிருந்தாரே, அது யாரு?

ராணிவேட்டை:
அதையும் சேத்துதான் 80.