காரைக்குடியில் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு, வாங்கலாமா?

முத்து: காரைக்குடியில் ஒரு பழைய வீடு பார்த்திருக்கிறோம். முற்றம், தேக்கு நிலை, ஆத்தங்குடித் தரை. என் மனைவிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. எனக்குக் கூரைதான் பயம்: வீட்டின் இரண்டாங்கட்டில் கூரையைத் தாங்கும் ஒரு மரக்கட்டை, சுவருக்குள் நுழையும் இடத்தில் கறுத்திருக்கிறது. சமையலறையும் இருட்டு. அதே விலைக்கு ஊருக்கு வெளியே புது வீடே கிடைக்கிறது.

மேஸ்திரி மகன்: அண்ணே, கறுத்த இடத்தைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். பொதபொதவென்று உள்ளே போனால் உளுத்துவிட்டது. மெட்ராஸ் டெரஸ் கூரையில் கட்டைகளின் மேல் செங்கலைக் குத்தாக நிறுத்தி, சுண்ணாம்புக் கலவையில் அடுக்கியிருப்பார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும், அப்புறம் தட்டோடு. கெட்ட கட்டையை மட்டும் மாற்றலாம். ஒழுகுகிறது என்று மேலே சிமென்ட் பூசச் சொன்னால் கேட்காதீர்கள். ஈரம் உள்ளேயே தங்கி மரம் இன்னும் கெடும்.

வள்ளி: ஆத்தங்குடிக் கல் சூளையில் சுடாதது, கண்ணாடி மேல் வார்ப்பது. ஆசிட் ஊற்றிக் கழுவியிருந்தால் நிறம் மங்கியிருக்கும், பாருங்கள். கூரையைவிட எனக்குப் பத்திரம்தான் கவலை. பங்காளிகள் எல்லோரும் கையெழுத்துப் போடுவார்களா?

முத்து: ஒருவர் மலேசியாவில் இருக்கிறார், தன் சார்பில் கையெழுத்துப் போடப் பவர் பத்திரம் அனுப்புகிறாராம். அது வரும்வரை அட்வான்ஸ் இல்லை என்று சொல்லிவிட்டேன். கட்டை மாற்றத் தெரிந்த ஆசாரி இருந்தால் சொல்லுங்கள்.