பட்டர்ஸ்காட்ச் புட்டிங்: முந்திரி நமத்துப் போகாமல் அடுக்குவது எப்படி? (பலரின் அனுபவப் பகிர்வு)

12 பேர் விருந்துக்கு, 150 மில்லி கண்ணாடிக் கப்களில் வைக்கும் அளவைத் தருகிறேன். அடியில் பிஸ்கட், அதன் மேல் கேரமல் கஸ்டர்ட், பிறகு அடித்த கிரீம், உச்சியில் முந்திரி பிராலின் (சர்க்கரைப் பாகில் பிரட்டி, ஆறியதும் நொறுக்கிய முந்திரி). நான்கு அடுக்கு போதும். ஆறு ஏழு என்று ஏற்றினால் ஒரு ஸ்பூனில் எல்லா அடுக்கும் சேர்ந்து வராது.

முதலில் கேரமல் சாஸ். சர்க்கரை 200 கிராம், தண்ணீர் 60 மில்லி, எலுமிச்சைச் சாறு 4 சொட்டு, உப்பில்லாத வெண்ணெய் 40 கிராம், ஃபிரெஷ் கிரீம் 150 மில்லி, உப்பு கால் டீஸ்பூன். அடி கனமான ஸ்டீல் பாத்திரம் எடுங்கள். கறுப்பு நான்ஸ்டிக்கில் பாகின் நிறம் தெரியாது, இந்த வேலையே நிறத்தைப் பார்த்துச் செய்வது. பாத்திரம் 2 லிட்டருக்குக் குறையக் கூடாது, கிரீம் ஊற்றியதும் பாகு பொங்கி மேலே வரும்.

சர்க்கரை கரையும் வரை கிளறலாம். கொதி வந்த பிறகு கரண்டியே போடக் கூடாது. ஓரத்தில் ஒட்டிய ஒரு சர்க்கரை மணி உள்ளே விழுந்தாலும் மொத்தப் பாகும் பூத்து, மறுபடி சர்க்கரை மணியாகிவிடும். எலுமிச்சைச் சாறு அதைத் தடுக்கத்தான். அப்படியும் ஓரத்தில் படிந்தால் 2 நிமிடம் மூடி வையுங்கள், ஆவியே கழுவி இறக்கிவிடும்.

அடுப்பை அணைக்கும் நேரம்தான் முக்கியம். தெர்மாமீட்டர் இருந்தால் 170 முதல் 175 டிகிரி செல்சியஸ். இல்லையென்றால் தேன் நிறம் தாண்டிச் செம்பழுப்பு வந்து, மெல்லிய புகை ஒரு இழை கிளம்பும் கணம். இளம்பொன் நிறத்திலேயே நிறுத்துகிறவர்கள் அதிகம். பால் கலந்த பிறகு அதில் இனிப்பு மட்டும்தான் மிஞ்சும், கேரமல் மணம் இருக்காது. கறுத்துக் கசந்துவிட்டால் கிரீம் ஊற்றிச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள், கொட்டிவிட்டு மறுபடி வையுங்கள். சர்க்கரைதானே.

கிரீமை வெதுவெதுப்பாக்கி மூன்று தடவையாக ஊற்ற வேண்டும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததை அப்படியே ஊற்றினால் பாகு கட்டியாக உறைந்து கரண்டியைப் பிடித்துக்கொள்ளும். பயப்பட வேண்டாம், சிறுதீயில் 3, 4 நிமிடம் கிளறினால் கரைந்துவிடும். கடைசியில் வெண்ணெயும் உப்பும்.

கஸ்டர்டுக்கு நிறைகொழுப்புப் பால் 500 மில்லி (ஆவின் ஆரஞ்சு பாக்கெட்), சோள மாவு 35 கிராம். மாவை 100 மில்லி ஆறிய பாலில் கட்டியில்லாமல் கரைத்து, மீதிப் பால் கொதிக்கும்போது ஊற்றிக் கிளறுங்கள். குமிழி வந்ததும் இறக்கிவிடாமல் இன்னும் ஒரு நிமிடம் கிளற வேண்டும், இல்லாவிட்டால் மாவு வாசனை போகாது. இறக்கிய பிறகு 200 கிராம் கேரமல் சாஸ் சேருங்கள். மீதி சாஸை மேலே ஊற்ற வைத்துக்கொள்ளலாம்.

இதை வெதுவெதுப்பாக இருக்கும்போதே கப்களில் ஊற்றிவிட வேண்டும். பாத்திரத்திலேயே உறைய விட்டு, பிறகு பீட்டரால் அடித்து ஊற்றினால் பிடிப்பு விட்டுப்போய்த் தளர்ந்துவிடும்.

*

அளவு சரிதாங்க. முட்டை சேர்க்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. சோள மாவோட 2 மஞ்சள் கரு சேர்த்தா கஸ்டர்ட் நல்லா வழவழன்னு வரும். ஆனா கெட்டியானதும் இறக்கிட்டா, ராத்திரி உறைஞ்ச கஸ்டர்ட் காலையில தண்ணியா நிக்கும். மஞ்சள் கருவுல மாவுச்சத்தை உடைக்கிற என்சைம் ஒண்ணு இருக்கு. நல்லா தளதளன்னு கொதிச்சாத்தான் அது செயலிழக்கும். மாவு இருக்கிறதால முட்டை திரியாது, தைரியமா கொதிக்க விடலாம்.

அப்புறம் கிரீம். கடையில கிடைக்கிற ஃபிரெஷ் கிரீம்ல கொழுப்பு 25 சதவீதம்தான். சாஸுக்கு அது போதும். அதை அரை மணி நேரம் அடிச்சாலும் நுனி நிக்காது, பீட்டர்தான் சூடாகும். காற்றைப் பிடிச்சு நிறுத்த கொழுப்பு 30 சதவீதத்துக்கு மேல வேணும், 35 இருந்தா நல்லது. பேக்கரிக்காரங்க வாங்குற நான்-டெய்ரி விப்பிங் கிரீம் தாவர எண்ணெய்க் கொழுப்புல ஆனது. சுலபமா மூணு மடங்கு உப்பும், வெயிலுக்கும் கொஞ்சம் தாங்கும், ஆனா நாக்குல மெழுகு மாதிரி படியும். அதுல ஏற்கெனவே சர்க்கரை இருக்கிறதால சாஸ்ல உப்பை அரை டீஸ்பூன் ஆக்கிடுங்க.

எதுவா இருந்தாலும் பாத்திரம், பீட்டர் கம்பி ரெண்டையும் ஃப்ரீசர்ல 15 நிமிஷம் வெச்சிட்டு அடிங்க. பால் கிரீம் ஒரு கட்டத்துல திடீர்னு ரவை ரவையா மாறும். அப்பவே நிறுத்தி, அடிக்காத கிரீம் 2 மேசைக்கரண்டி ஊத்தி கையால கலந்தா திரும்பும். அதையும் தாண்டினா வெண்ணெய்தான்.

விப்பிங் கிரீம் கிடைக்காத ஊருன்னா, 500 கிராம் கெட்டித் தயிரைத் துணியில கட்டி ஃபிரிட்ஜ்ல 5 மணி நேரம் தொங்கவிட்டு, கண்டன்ஸ்டு மில்க் 60 கிராம் கலந்து அடுக்குங்க. அந்த லேசான புளிப்பு கேரமலுக்கு ரொம்பப் பொருத்தம். எனக்குக் கேட்டா, திகட்டுற நான்-டெய்ரி கிரீமை விட இதுதான் மேல்.

*

தலைப்பில் இருக்கும் முந்திரிக்கு இன்னும் யாரும் வரவில்லையே!

முந்திரி 150 கிராம், சர்க்கரை 150 கிராம், வெண்ணெய் 10 கிராம், உப்பு ஒரு சிட்டிகை. முழு முந்திரி வாங்கிக் காசைக் கொட்ட வேண்டாம். எப்படியும் நொறுக்கத்தான் போகிறோம், பண்ருட்டி உடைத்த முந்திரியே போதும். முதலில் வெறும் வாணலியில் சிறுதீயில் வறுத்து, ஒன்றை உடைத்துப் பாருங்கள். உள்ளேயும் லேசாகப் பொன்னிறம் ஏறியிருக்க வேண்டும். பச்சை முந்திரியைப் பாகில் போட்டால் மேல் தோல் கருகும், உள்ளே பால் வாசனை அப்படியே நிற்கும்.

இதற்குத் தண்ணீர் விடாத பாகு நல்லது. சர்க்கரையை மெல்லிய படலமாகத் தூவி, உருக உருக அடுத்த பிடியைத் தூவுங்கள். நிறம் வந்ததும் அணைத்து, வெண்ணெய், உப்பு, சூடான முந்திரி. ஆறிய முந்திரியைப் போட்டால் பாகு சட்டென்று இறுகி, பாதி முந்திரியில் ஒட்டாது. வெண்ணெய் தடவிய தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, முழுக்க ஆறியதும் கெட்டியான கவரில் போட்டுச் சப்பாத்திக் கட்டையால் தட்டுங்கள். மிக்ஸி வேண்டாம், எண்ணெய் விட்டு விழுதாகும்.

நொறுக்கியதைச் சலிக்க வேண்டும். பலர் விடுவது இதைத்தான். பொடிதான் காற்றின் ஈரத்தை முதலில் இழுக்கும், இழுத்த பிறகு பெரிய துண்டுகளையும் சேர்த்துப் பிசுபிசுப்பாக்கும். பொடியைக் கஸ்டர்டிலேயே கலந்துவிடுங்கள். துண்டுகள் காற்றுப் புகாத டப்பாவில், ஃபிரிட்ஜுக்கு வெளியே. குளிர்ந்த டப்பாவை வெளியே எடுத்துத் திறந்தால் உள்ளே ஈரம் வியர்க்கும். சென்னை, கடலூர் மாதிரிக் கடலோர ஊர்களில் திறந்த தட்டில் வைத்த பிராலின் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது.

கிரீமுக்கு நடுவில் பிராலினை வைத்து முதல் நாளே அடுக்கினால், மறுநாள் அங்கே முந்திரியும் பழுப்பு நீரும்தான் இருக்கும். சர்க்கரை கரைந்து பாகாக ஓடி, வெள்ளைக் கிரீமில் கோடு கோடாக இறங்கும். நடுவிலும் மொறுமொறுப்பு வேண்டுமென்றால் பிராலினை மறந்துவிடுங்கள். வறுத்து நறுக்கிய பாதாம் அல்லது முந்திரி 100 கிராம், உருக்கிய வெள்ளைச் சாக்லேட் 30 கிராம், பிரட்டி ஆறவிட்டால் ஒவ்வொரு துண்டின் மேலும் கொழுப்புப் பூச்சு இருக்கும், ஈரம் எளிதில் உள்ளே போகாது. மறுநாளும் கடிபடும்.

*

பிராலின் செய்யப் பொறுமை இல்லாதவர்களுக்கு: கடலை மிட்டாய். 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டி மிட்டாயே கிடைத்தால் இன்னும் நல்லது. 150 கிராம் நொறுக்கினால் 12 கப்புக்குச் சரியாக இருக்கும். வெல்லப் பாகு என்பதால் சர்க்கரைப் பிராலினைவிடச் சீக்கிரம் கசியும், பரிமாறும்போது நொறுக்குங்கள்.

அதே நினைப்பில் கேரமலையும் வெல்லத்தில் செய்யலாமே என்று சிலர் இறங்குவார்கள். கொதிக்கும் பாலில் வெல்லம் போனால் பால் திரிய வாய்ப்பு அதிகம். இரண்டையும் தனித்தனியாக ஆறவிட்டுத்தான் கலக்க வேண்டும்.

*

புட்டிங்கை இறுக வைக்கிற ஜெலட்டின் பத்திக் கேட்கிறவங்க இருப்பாங்க. இந்த அளவுச் சோள மாவுக்கு ஜெலட்டின் தேவையே இல்ல. அது மாட்டுத் தோல், எலும்பு, பன்றித் தோல் இதுலேருந்து எடுக்கிறது. விருந்துக்கு வர்றவங்க சைவமா, ஹலால் பார்க்கிறவங்களான்னு விசாரிக்காம சேர்க்காதீங்க. வெயில்லயும் தாங்காது, 30 டிகிரி தாண்டினா இளக ஆரம்பிக்கும். மே மாசம் நம்ம ஹால்ல எவ்வளவு இருக்கும்னு சொல்லணுமா? கடற்பாசி (சைனா கிராஸ்) சூட்டுக்கு அசையாது, ஆனா ஸ்பூன் வெச்சா வெட்டுப்பட்டு நிக்கும், கிரீம் மாதிரி குழையாது.

பிஸ்கட் அளவு யாரும் எழுதலையே. மாரி 180 கிராம், உருக்கின வெண்ணெய் 60 கிராம், கப்புக்கு 20 கிராம், கிளாஸ் அடியால அழுத்தி 20 நிமிஷம் ஃபிரிட்ஜ்.

முதல் நாள் ராத்திரி பிஸ்கட், கஸ்டர்ட், பிராலின் மூணும் முடிஞ்சிடணும். கப்களை ஃபாயில் போட்டு இறுக்க மூடுங்க. கிரீம் சாம்பார் வாசனையும் பிடிக்கும், மல்லிப்பூ வாசனையும் பிடிக்கும். விருந்துக்கு 2, 3 மணி நேரம் முன்னால கிரீம், அது மேல முழுசா ஆறின சாஸ் ஒரு டீஸ்பூன். சாஸ்ல கொஞ்சம் சூடு இருந்தாலும் கிரீம்ல குழி விழும். பிராலின், பந்தி முடிஞ்சு கப் வெளிய வர்றப்பதான்.

வெளிய எடுத்து 20 நிமிஷத்துல சாப்பிட்டுடணும். பால் பண்டம், வெயில் காலத்துல ஒரு மணி நேரத்துக்கு மேல வெளிய இருந்ததைத் திரும்ப ஃபிரிட்ஜ்ல வைக்காதீங்க. வேர்க்கடலை, முந்திரி ஒத்துக்காதவங்க உண்டு, குழந்தைங்களுக்குக் குடுக்கும் முன்னால அவங்க அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க. அவங்களுக்குத் தனியா கப் போடணும்னா, முந்திரிப் பொடி கலக்குறதுக்கு முன்னாலயே கஸ்டர்டை எடுத்து வேற கரண்டியால ஊத்துங்க. மேல இருக்கிறதை மட்டும் எடுத்துட்டுக் குடுக்கிறது ஆகாது.