"க்கு" ஒன்றுதான், ஆங்கிலத்தில் ஏன் இத்தனை? இடம்பெயர்வைச் சொல்லும் வாக்கியங்களில் வரும் பிழைகள்

கேள்வி (வகுப்பறை):

கல்லூரி முதலாண்டு மாணவர்களுக்கு ஆங்கிலப் பயிற்சித்தாள் தயாரிக்கிறேன். ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போவதைச் சொல்லும் வாக்கியங்களில்தான் பிழைகள் குவிகின்றன. "ரீச்டு டு த ஸ்டேஷன்", "என்டர்ட் இன்டு த ரூம்", "வென்ட் டு ஹோம்", "ஃபெல் ஃப்ரம் த சைக்கிள்" இந்த மாதிரி. ப்ரெபொசிஷன் பட்டியலை மனப்பாடம் செய்யச் சொன்னால் பரீட்சை வரை நிற்கிறது, பேச்சில் வருவதில்லை. தமிழ் பேசுகிறவர் எங்கே இடறுகிறார், ஏன் இடறுகிறார் என்று காரணத்தோடு யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1 (உருபு):

தமிழில் சேருமிடத்துக்கு "க்கு", கிளம்புமிடத்துக்கு "இலிருந்து". அந்த இடம் எப்படிப்பட்டது என்பதைப் பற்றி இந்த உருபுகளுக்குக் கவலையில்லை. ஆங்கிலம் முதலில் அதைத்தான் கேட்கிறது. இடத்தை வெறும் புள்ளியாகப் பார்க்கிறோமா, மேற்பரப்பாகவா, சுற்றி அடைப்புள்ள உள்ளிடமாகவா? புள்ளி என்றால் போக "டு", வர "ஃப்ரம்". பரப்பு என்றால் "ஆன்டு", "ஆஃப்". உள்ளிடம் என்றால் "இன்டு", "அவுட் ஆஃப்". ஜோடியாகச் சொல்லிக் கொடுங்கள். தனித்தனியாகச் சொன்னால்தான் குழப்பம்.

"சாவியை எடு" என்பதை வைத்தே காட்டலாம். பையிலிருந்து எடுத்தால் "அவுட் ஆஃப் த பேக்". மேசையிலிருந்து எடுத்தால் "ஆஃப் த டேபிள்". ஆபீஸிலிருந்து கொண்டுவந்தால் "ஃப்ரம் த ஆபீஸ்". தமிழில் மூன்றுக்கும் ஒரே உருபு, அதனால் மாணவர் மூன்றுக்கும் "ஃப்ரம்" போடுகிறார். சைக்கிளிலிருந்து விழுவதும் இப்படித்தான். உட்கார்ந்திருந்த பரப்பை விட்டு விலகுவதால் "ஃபெல் ஆஃப் த சைக்கிள்".

வாகனங்களுக்கும் இதே கணக்குதான். எழுந்து நின்று நடமாட இடமுள்ள பஸ், ரயில், கப்பல், விமானம் எல்லாம் "கெட் ஆன்", "கெட் ஆஃப்". குனிந்து உள்ளே நுழைந்து உட்கார வேண்டிய கார், டாக்சி, ஆட்டோ என்றால் "கெட் இன்டு", "கெட் அவுட் ஆஃப்". கால் போட்டு ஏறும் சைக்கிள், பைக், குதிரைக்கு மறுபடி "ஆன்", "ஆஃப்". சிறு படகுக்கு "இன்டு" என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அதில் பலர் தவறுகிறார்கள்.

"இன்", "இன்டு" வேறுபாட்டை அசையும் வினையோடு வைத்துக் காட்டுங்கள். "வாக்ட் இன் த ரூம்" என்றால் அறைக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தான் என்றுதான் முதலில் தோன்றும். "வாக்ட் இன்டு த ரூம்" என்றால் வெளியிலிருந்து உள்ளே வந்தான். ஆனால் "புட்" மாதிரியான வினைகளில் சேருமிடம் வினைக்குள்ளேயே இருப்பதால் "புட் இட் இன் த பாக்ஸ்" என்பதே இயல்பு. அங்கே "இன்டு" போடாததைத் தப்பென்று மதிப்பெண் குறைக்காதீர்கள்.

"டு", "அட்" இரண்டும் இன்னொரு கண்ணி. "அவனிடம் பந்தை எறிந்தான்" என்றால் "த்ரூ த பால் டு ஹிம்", அவன் பிடிப்பதற்காக. "அவன் மேல் எறிந்தான்" என்றால் "அட் ஹிம்", அடிப்பதற்காக. இங்கே தமிழ் "இடம்", "மேல்" என்று தெளிவாகவே பிரிக்கிறது. மாணவரின் தாய்மொழியே கைகொடுக்கும் இடத்தை விட்டுவிடக் கூடாது.

பதில் 2 (ஏட்டுச்சுவடி):

முன்னவர் சொன்னது பெயர்ச்சொல் பக்கம். வினைச்சொல் பக்கத்தில்தான் பெரிய வேறுபாடு இருக்கிறது. ஆங்கில வினை எப்படி அசைந்தது என்பதைச் சொல்லும். பாதையைப் பின்னால் வரும் சிறு சொல் சொல்லும். தமிழில் நேர்மாறு: பாதை முற்றுவினையில், அசைந்த விதம் வினையெச்சத்தில். "த பால் ரோல்ட் அண்டர் த பெட்" என்பதைத் தமிழில் "பந்து உருண்டு கட்டிலுக்கடியில் போய்விட்டது" என்கிறோம். "ரோல்ட்" எச்சமாகிவிட்டது, "போ" புதிதாக வந்துவிட்டது. அமெரிக்க மொழியியலாளர் லெனார்ட் டால்மி உலக மொழிகளை இந்த அடிப்படையில் இரண்டாகப் பிரித்துக் காட்டினார். ஆங்கிலம் ஒரு பக்கம், ஸ்பானிஷ் மறுபக்கம். தமிழ் வாக்கியம் பெரும்பாலும் ஸ்பானிஷ் பக்கம் நிற்கிறது.

இதனால் ஆங்கிலத்தில் ஒரே வினையில் நீண்ட பாதையைக் கோத்துவிடலாம். "ஹி ரான் அவுட் ஆஃப் த ஹவுஸ், அக்ராஸ் த யார்ட், ஓவர் த வால் அண்ட் இன்டு த குரோவ்." ஒரு "ரான்", நான்கு பாதை. தமிழில்: "வீட்டைவிட்டு வெளியே ஓடி, முற்றத்தைக் கடந்து, சுவரேறிக் குதித்து, தோப்புக்குள் புகுந்தான்." இங்கே ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வினை. மாணவர் இதை ஆங்கிலமாக்கும்போது "ரன்னிங் அவுட், கிராசிங் த யார்ட், கிளைம்பிங் அண்ட் ஜம்பிங் த வால், ஹி என்டர்ட்" என்று எழுதுகிறார். இலக்கணப் பிழை என்று பெரிதாக இல்லை, ஆனால் ஆங்கில நடை இல்லை. கடந்து, ஏறி, புகுந்து என்பவற்றை வினையாக எழுதாமல் சிறு சொல்லாக மாற்றச் சொல்லி இருபது வாக்கியம் பயிற்சி கொடுங்கள். பலன் தெரியும்.

ஓசைக்கும் இதே விதிதான். "த லாரி ரம்பிள்ட் பாஸ்ட்" என்பதை வினைக்கு வினை என்று தமிழாக்க முடியாது. நம்மிடம் அதற்கு இரட்டைக்கிளவி இருக்கிறது: "லாரி கடகடவென்று கடந்து போனது". "ஹி எல்போடு ஹிஸ் வே த்ரூ த கிரவுட்" என்பதற்கு "கூட்டத்தை முண்டியடித்துக்கொண்டு போனான்". இந்த இரண்டு வகையையும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். அப்போதுதான் ஆங்கில வினைக்குள் எவ்வளவு அடங்கும் என்று பிள்ளைகளுக்குப் பிடிபடும்.

பதில் 3 (பழையபேட்டை):

"ரீச்", "என்டர்", "லீவ்", "கிராஸ்", "அப்ரோச்" ஆகியவற்றில் பாதை வினைக்குள்ளேயே இருக்கிறது. அதனால் ப்ரெபொசிஷன் வேண்டாம். "என்டர் இன்டு" ஒப்பந்தத்துக்கும் பேச்சுவார்த்தைக்கும் சரி, அறைக்குச் சரியில்லை. "லெஃப்ட் லண்டன் ஃபார் பாரிஸ்" என்றால் லண்டனைவிட்டு பாரிஸுக்குக் கிளம்பினார். ஆனால் புறப்படும் புள்ளியைச் சுட்டும்போது "த டிரெயின் லீவ்ஸ் ஃப்ரம் பிளாட்ஃபார்ம் 4" சரிதான். "அரைவ்" மட்டும் விலக்கு. ஊர், நாடு என்றால் "இன்", ஸ்டேஷன், விமான நிலையம் என்றால் "அட்". "டு" ஒருபோதும் வராது.

"ஹோம்", "ஹியர்", "தேர்", "அப்ஸ்டேர்ஸ்", "அப்ராட்" முன்னால் "டு" வராது, அவை இங்கே வினையடைகள். பழைய ஆங்கிலத்தில் "ஹோம்" என்ற பெயர்ச்சொல்லின் இரண்டாம் வேற்றுமை வடிவமே "வீட்டுக்கு" என்று பொருள் தந்தது. அந்த வழக்கம் இன்றும் நிற்கிறது. முன்னால் "ஹிஸ்", "மை" வந்துவிட்டால் அது மறுபடி பெயர்ச்சொல்லாகிவிடும்: "வென்ட் டு ஹிஸ் ஹோம்".

கேள்வி கேட்டவர் (வகுப்பறை):

மூவருக்கும் நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். "தாண்டி" என்பதற்கு "ஓவர்", "பாஸ்ட்", "அக்ராஸ்" மூன்றையும் மாற்றி மாற்றி எழுதுகிறார்கள். "டு", "டுவர்ட்ஸ்" இரண்டையும் ஒன்றென்றே நினைக்கிறார்கள்.

பதில் 4 (உருபு):

தாண்டுகிற பொருளை எந்தப் பக்கமாகத் தாண்டுகிறோம் என்று கேட்கச் சொல்லுங்கள். மேலே எழும்பிப் போனால் "ஓவர் த வால்". பக்கவாட்டில் விட்டுவிட்டுத் தொடர்ந்து நடந்தால் "பாஸ்ட் த பேங்க்". ஒரு கரையிலிருந்து எதிர்க்கரைக்கு என்றால் "அக்ராஸ் த ரிவர்". சுற்றிலும் ஏதாவது சூழ்ந்திருக்க அதன் நடுவே போனால் "த்ரூ த ஃபாரஸ்ட்". வயலைத் திறந்த வெளியாகப் பார்த்தால் "அக்ராஸ் த ஃபீல்ட்", இடுப்பளவு நெல்லை விலக்கிக்கொண்டு போனால் "த்ரூ". பாலத்துக்கு "அக்ராஸ்", "ஓவர்" இரண்டும் சரி.

"டு" என்றால் போய்ச் சேர்ந்தாயிற்று. "டுவர்ட்ஸ்" என்றால் திசை மட்டும், நம் "நோக்கி". இதற்கு நல்ல சோதனை ஒன்று உண்டு. "இன் டென் மினிட்ஸ்" சேர்ந்தால் பாதைக்கு முடிவு இருக்கிறது, "ஃபார் டென் மினிட்ஸ்" சேர்ந்தால் இல்லை. "வாக்ட் டு த ஸ்டேஷன் இன் டென் மினிட்ஸ்" சரி. "வாக்ட் டுவர்ட்ஸ் த ஸ்டேஷன் ஃபார் டென் மினிட்ஸ்" சரி. இரண்டையும் இடம் மாற்றிப் பார்த்தால் உடனே உறுத்தும். "அலாங் த ரிவர்" எப்போதும் "ஃபார்" பக்கம்தான் சாயும்.

"கம்", "கோ" பற்றியும் ஒரு வார்த்தை. எதிரில் இருப்பவர் இடத்துக்குப் போவதற்குத் தமிழில் "வர்றேன்" என்கிறோம், ஆங்கிலத்திலும் "ஐ ஆம் கமிங்"தான். அதில் சிக்கல் இல்லை. சிக்கல் "போய்ட்டு வர்றேன்" என்பதில். அதை "ஐ வில் கோ அண்ட் கம்" என்றால் கேட்பவர் எங்கே, எதற்கு என்று விழிப்பார். கடைக்குப் போய்த் திரும்புவதானால் "ஐ வில் பி பேக்", விடைபெறுவதானால் "ஐ ஆம் ஆஃப்" அல்லது வெறும் "பை". பயிற்சித்தாளில் இந்த இரண்டு சூழலையும் தனித்தனிக் கேள்வியாகப் போடுங்கள்.