டயாலிசிஸ் தொடங்கிய புதிதில் மனம் தடுமாறுவதை எப்படிக் கண்டுகொள்வது?

டயாலிசிஸ் செவிலியர்:
கேஸ் ஷீட்டில் "ஒத்துழைப்பதில்லை" என்று எழுதுமுன் கொஞ்சம் நில்லுங்கள். வாரம் 3 நாள், தடவைக்கு 4 மணி நேரம் என்று வாழ்க்கை மாறிய புதிதில் பலர் வெயிலிலும் முழுக்கைச் சட்டையோடு வருவார்கள். பிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி ஏற்ற ரத்தக்குழாய்களை இணைத்த இடம்) போட்ட கை யார் கண்ணிலும் படக் கூடாது. ஊசி ஏறும்போது முகம் சுவர்ப்பக்கம் திரும்பிவிடும். அடுத்த முறை வரும்போது எடை 4 கிலோ கூடியிருக்கும். கூடும் ஒவ்வொரு கிலோவும் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர். "இனிமே என்ன இருக்கு" என்று குடித்த தண்ணீர் அது. பிறகு ஒருநாள் வரவே மாட்டார்கள். பொட்டாசியம் ஏறி இதயத்துடிப்பு தாறுமாறாவது அப்போதுதான்.

மனநல மருத்துவர்:
சிஸ்டர் சொல்வது சரி. களைப்பு, தூக்கமின்மை, பசியின்மை இவற்றை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். யூரியா ஏறினாலும் ஹீமோகுளோபின் இறங்கினாலும் இதெல்லாம் வரும். "பேரப்பிள்ளை வந்தா மனசு லேசாகுதா?" என்று கேளுங்கள். அட்ஜஸ்ட்மென்ட் டிஸார்டரில், அதாவது வாழ்க்கையில் வந்த பெரிய மாற்றத்துக்குப் பழக முடியாமல் மனம் தடுமாறும் கோளாறில், கவலை நோயையே சுற்றிவரும், நல்லது நடந்தால் முகம் தெளியும். எதிலும் பிடிப்பில்லாமல், தன்னையே பழித்துக்கொண்டு 2 வாரத்துக்கு மேல் போனால் மனச்சோர்வு நோயா என்று பார்க்க வேண்டும்.

டிஎஸ்எம்-5 (மனநலக் கோளாறுகளை வரையறுக்கும் அமெரிக்கக் கையேடு) கணக்கில் அட்ஜஸ்ட்மென்ட் டிஸார்டர், பாதிப்பு நேர்ந்து 3 மாதத்துக்குள் தொடங்க வேண்டும். காரணம் நீங்கினால் 6 மாதத்தில் அடங்கும். கிட்னி கோளாறு எங்கே நீங்குகிறது? பிஸ்டுலா அடைத்துக்கொண்டாலோ, கிட்னி தர வந்தவர் பின்வாங்கினாலோ மறுபடி முதலிலிருந்து. அதனால் "ஆறு மாசத்துல சரியாயிடும்" என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

லேசான கோளாறு என்று ஒதுக்கவும் கூடாது. தற்கொலை எண்ணம் இதிலும் வரும். "செத்துடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்றால் தனியே விடாமல் அன்றைக்கே மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டிலிருந்து பேச, அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416.

சமூகப் பணியாளர் (மருத்துவமனை):
டாக்டர் சொன்ன கேள்விகளை வார்டில் கேட்காதீர்கள், பக்கத்துக் கட்டில்காரருக்கு எல்லாம் கேட்கும். எடை பார்க்கும் முன் தனி அறையில் 10 நிமிடம் போதும். கூட வந்தவரை டீ குடிக்க அனுப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் பதில் அவரிடமிருந்துதான் வரும். டயாலிசிஸின் கடைசி ஒரு மணி நேரம் வேண்டாம். பிரஷர் இறங்கி, கால் சதை இழுத்துக்கொண்டிருக்கும்.

கவலைகளை எழுதவைத்து, இந்த வாரமே தீரக்கூடிய ஒன்றை மட்டும் எடுங்கள். பெரும்பாலும் ஷிப்ட் நேரம், இல்லையென்றால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை. தூக்க மாத்திரையைக் கடையில் தானாக வாங்குகிறாரா என்றும் விசாரித்துவிடுங்கள்.